மிளகாய் வத்தலில் பூஞ்சை நச்சை அளக்கும் பயோசென்சார் பட்டை: ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்ததில்

திருப்பாலைக்குடிக்கும் உப்பூருக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சிறிய மிளகாய்த்தூள் அரவை ஒன்றை நடத்தி வருகிறேன். அக்கம்பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் குண்டு மிளகாயை வத்தலாக வாங்கி, காம்பு கிள்ளி, வெயிலில் மறுபடியும் காயவைத்து அரைப்பதே தொழில். 2023-ஆம் ஆண்டில் இந்தக் குண்டு மிளகாய்க்கு ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூரிலிருந்து பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோர் கூடினார்கள். கூடவே, ‘அஃப்ளடாக்சின் அறிக்கை வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்போரும் கூடினார்கள். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், சென்னை வாடிக்கையாளர் ஒருவர் நான் அனுப்பிய தூளைத் தம் செலவில் சோதிக்கக் கொடுத்து, நச்சு வரம்பை மீறியிருக்கிறது என்று 200 கிலோவையும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தூளில் பூசண வாடை இல்லை, நிறம் மங்கவில்லை, காரமும் குறையவில்லை. அதே தூளில் என் வீட்டிலும் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருந்தோம். அந்த ஒரு நினைப்புதான் என்னை இந்தச் சோதனைப் பட்டையை வாங்க வைத்தது. வாங்கி ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

அஃப்ளடாக்சின் என்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் போன்ற பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றுக்குத் தீனியாகப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நச்சைக் கண்டறிந்தார்கள். இது கல்லீரலைத் தாக்குவது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்திருக்கும் பொருள். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். ஆகவே, ‘எண்ணெயில் தாளித்துவிட்டால் எல்லாம் போய்விடும்’ என்று நம் வீடுகளில் சொல்லும் ஆறுதல் இதற்குப் பொருந்தாது. நறுமணப் பொருள்களில் மொத்த அஃப்ளடாக்சின் கிலோவுக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு; ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு 10 என்றே வைத்திருக்கிறது. 30 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு என்று புரிய எனக்கே நாளாயிற்று. ஒரு டன் மிளகாய் வத்தலில் 30 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஓர் அரிசிமணியின் எடை. கண்ணும் மூக்கும் நாக்கும் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்த நச்சு நம் பக்கத்தில் எங்கே நுழைகிறது என்பதைக் களத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். தை கடைசியில் தொடங்கிச் சித்திரை வரை பழம் பறிக்கிறோம். பறித்த பழத்தைக் குவித்து வைத்து நிறம் ஏறவிட்டு, பிறகு மண் களத்திலோ சாலையோரத்திலோ பரப்புகிறோம். குண்டு மிளகாய் உருண்டை வடிவம், தடித்த தோல். சம்பா மிளகாயைப் போலச் சட்டென்று காய்ந்துவிடாது. தோல் சலசலவென்று ஒலிக்கும்போதும் காம்படியிலும் விதைக்கூட்டிலும் ஈரம் தங்கியிருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி இரவு முழுவதும் களத்து மிளகாயின் மேல் இறங்குகிறது. பகலெல்லாம் காய்ந்தது, கடல்காற்றின் ஈரத்தை இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பங்குனியில் எதிர்பாராத கோடை மழை ஒன்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம்தான் இந்தப் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.

இனிப் பட்டையைப் பற்றிச் சொல்கிறேன். நான் வாங்கியது 25 பட்டைகள் கொண்ட பெட்டி ஒன்றும், பட்டையைச் செருகினால் கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் நச்சு என்ற எண்ணைக் காட்டும் ரீடர் கருவி ஒன்றும். பட்டை ஒன்றுக்கு 440 ரூபாய் விழுந்தது. ரீடர் 70,000 ரூபாய். தனியாக எனக்குக் கட்டாது என்பதால், என்னையும் சேர்த்து ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கினோம். அதற்கு முன்பு ஒரு தவறு செய்தேன். முதலில் தொலைபேசியில் பேசிய விற்பனையாளர், எந்தத் தானியத்துக்கும் எந்த மசாலாவுக்கும் பொருந்தும் என்று உறுதி கூறி அனுப்பிய பெட்டியில், மக்காச்சோளம், நிலக்கடலை என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே அச்சாகியிருந்தன. மிளகாயின் நிறமும் எண்ணெய்ப்பசையும் பட்டையின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. மிளகாய்க்கென்று சோதித்து, அதற்கான கரைசல் அளவையும் கணக்கையும் வகுத்துத் தராத பெட்டி, மிளகாய்க்கு ஒரு எண்ணைக் காட்டினாலும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, மிளகாய் வத்தலுக்குச் சோதித்துப் பார்த்த முடிவுகளைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டதும் அனுப்பி வைத்த இரண்டாவது நிறுவனத்தின் பெட்டியைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

பயோசென்சார் என்றவுடன் பெரிய இயந்திரம் என்று எண்ண வேண்டியதில்லை. வீட்டில் சர்க்கரை பார்க்கும் சிறு கருவியும் பயோசென்சார்தான். உயிரினத்திலிருந்து எடுத்த ஒரு பொருள், தேடப்படும் பொருளை மட்டும் இனங்கண்டு பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்ததை நாம் பார்க்கக்கூடிய நிறமாகவோ மின்னோட்டமாகவோ மாற்றித் தருவது கருவியின் வேலை. சர்க்கரைக் கருவியில் இனங்காண்பது ஒரு நொதி. இந்தப் பட்டையில் அது ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). அந்த எதிர்ப்பொருளைத் தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தங்கம் அந்த அளவுக்கு நுணுகும்போது மஞ்சளாக இருப்பதில்லை, கருஞ்சிவப்பாகிவிடுகிறது. பட்டையில் தோன்றும் கோடுகளின் நிறம் அதுதான்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. கொரோனா காலத்தில் வீட்டிலேயே சோதித்துப் பழகியவர்களும், கர்ப்பம் பார்க்கும் பட்டையைப் பார்த்தவர்களும், இரண்டு கோடு வந்தால் ‘இருக்கிறது’ என்றே படிப்பார்கள். இந்தப் பட்டையில் அது நேர்மாறு. அஃப்ளடாக்சின் மூலக்கூறு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் இரண்டு எதிர்ப்பொருள்கள் இருபுறமும் பற்றிக்கொள்ள அதில் இடமில்லை. ஆகவே போட்டி முறையில் பட்டையை அமைத்திருக்கிறார்கள். சோதனைக் கோட்டில் முன்பே அஃப்ளடாக்சினை ஒட்டி வைத்திருப்பார்கள். நம் மாதிரியில் நச்சு இல்லையென்றால், தங்கத்துகள் ஏறிய எதிர்ப்பொருள்கள் நேரே போய் அந்தக் கோட்டில் படிந்து சிவப்புக் கோட்டைத் தோற்றுவிக்கும். மாதிரியிலேயே நச்சு இருந்தால் அவை வழியிலேயே அதைப் பிடித்துக்கொண்டு நிரம்பிவிடுவதால், கோட்டில் படிய எதுவும் மிஞ்சாது. பட்டை சரியாக வேலை செய்கிறது என்பதைக் காட்டக் கட்டுப்பாட்டுக் கோடு என்று இன்னொரு கோடும் உண்டு. இரண்டு கோடும் தெளிவாகத் தெரிந்தால் மிளகாய் நல்லது. சோதனைக் கோடு மங்க மங்க நச்சு அதிகம். எங்கள் களத்தில் காம்பு கிள்ளும் அக்கா ஒருவர், முதல் பட்டையில் இரண்டு கோடு வந்ததைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, ரெண்டு கோடு விழுந்திருச்சே, இப்ப இதை என்ன செய்யிறது?’ என்று முகம் வாடிக் கேட்டார். அது அவர் வீட்டு மிளகாய். அன்றைக்கே ஒரு அட்டையில் ‘இரண்டு கோடு நல்லது, ஒரு கோடு கெட்டது, கட்டுப்பாட்டுக் கோடே இல்லையென்றால் பட்டை செல்லாது’ என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெட்டியோடு வந்த விளக்கத் தாளில் தமிழ் ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் ஒரு பொருளுக்கு, அதுவும் தவறாகப் படித்தால் நச்சை உண்ண நேரும் பொருளுக்கு, இது சிறிய குறை அல்ல.

சோதனை செய்வது கடினமில்லை, ஆனால் கவனம் வேண்டும். பொடித்த மிளகாய் 20 கிராம் எடுத்து, 70 பங்கு மெத்தனாலும் 30 பங்கு தண்ணீரும் கலந்த கரைசல் 100 மில்லி ஊற்றி, மூன்று நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும். மிளகாய்த்தூள் கரைசலை உறிஞ்சிக்கொண்டு களியாகி அடியில் உட்காரும். தெளிவதற்கு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். வடிதாளில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகச் செம்மஞ்சள் நிறத்தில் இறங்கும். இதில் ஒரு பகுதியைப் பெட்டியில் உள்ள பஃபர் கரைசலோடு கலக்கும்போது, தெளிவாக இருந்த நீர் சட்டென்று பால் ஊற்றியது போலக் கலங்குகிறது. மெத்தனாலில் கரைந்திருந்த மிளகாயின் எண்ணெயும் நிறமும் தண்ணீர் கூடியதும் கரைந்திருக்க முடியாமல் திரிவதால் வருவது அது. அந்தக் கலங்கலோடு பட்டையில் விட்டால், வெண்ணிறமாக இருக்க வேண்டிய சவ்வு முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. ரீடர் ‘செல்லாது’ என்று காட்டிப் பட்டையை வீணாக்கிவிடும். முதல் வாரத்தில் நான்கு பட்டைகளை இப்படி இழந்தேன். பிறகு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவில் பேசியவர், கலந்த நீரைச் சிறு குழாயில் எடுத்துச் சிறிய சென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுக்கச் சொன்னார். அதன் பிறகு ஒரு பட்டைகூட அந்தக் காரணத்தால் கெடவில்லை. பொறுமையாகக் கேட்டுப் பதில் சொன்ன அந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் சென்ட்ரிஃபியூஜ் தேவைப்படும் என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பட்டையில் 100 மைக்ரோலிட்டர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் எண் வந்துவிடும். பொடிப்பது முதல் எண் வருவது வரை எனக்கு இப்போது அரை மணி நேரம் ஆகிறது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரு வாரம் ஆகும். அதற்குள் விவசாயி வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மிளகாய் மூட்டையும் விவசாயியும் என் வாசலில் நிற்கும்போதே முடிவு தெரிவதுதான் இந்தப் பட்டையின் பெரிய பயன்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்? மூன்று மாதிரிகளை நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பட்டையிலும் மறு பாதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், கலவையிலுள்ள பொருள்களை இயந்திரத்தில் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையிலும் சோதித்தேன். பட்டையில் 6 வந்தது ஆய்வகத்தில் 5. பட்டையில் 12 வந்தது ஆய்வகத்தில் 14. பட்டையில் 41 வந்தது ஆய்வகத்தில் 33. கீழ்மட்டத்தில் நெருக்கமாகவும், மேல்மட்டத்தில் சற்று மிகைப்படுத்தியும் காட்டுகிறது என்பது என் சிறு அனுபவம். அஃப்ளடாக்சினில் பி1, பி2, ஜி1, ஜி2 என்று நான்கு உண்டு. எதிர்ப்பொருள் பி1-ஐப் பற்றும் அளவுக்கு மற்றவற்றைப் பற்றுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். 20-க்குக் கீழே வந்தால் வாங்குவது. 20-ஐத் தாண்டினால் ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும் வரை தனியே வைப்பது. ஆய்வகமும் வரம்பை மீறியதாகச் சொன்னால் எந்த விலைக்கும் வாங்காதது. ஏற்றுமதிக்குக் கொடுப்பவர்களுக்கு இந்தப் பட்டை அறிக்கை செல்லாது. அவர்கள் தூத்துக்குடியிலோ சென்னையிலோ உள்ள நறுமணப் பொருள் வாரிய ஆய்வகத்தைத்தான் நாட வேண்டும்.

இனிச் சொல்லப்போவதைத்தான் இந்தப் பட்டையை வாங்க நினைப்பவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பட்டை, அதற்குக் கொடுத்த 20 கிராமைப் பற்றி மட்டுமே உண்மை சொல்கிறது. அந்த 20 கிராம் மூட்டைகளின் கதையைச் சொல்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது. மாசி மாதத்தில் உறவுக்கார மாமா ஒருவர் 12 மூட்டை கொண்டுவந்தார். மேலே இருந்த இரண்டு மூட்டைகளின் வாயை அவிழ்த்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்துப் பொடித்துச் சோதித்தேன், 4 வந்தது. மகிழ்ச்சியோடு எடை போட்டு இறக்கிவைத்தேன். அன்று இரவு ஏனோ மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலையில் 12 மூட்டைகளையும் அவிழ்த்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் எடுத்து, ஐந்து கிலோ சேர்ந்ததும் முழுவதையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து 20 கிராம் எடுத்தேன். 38 வந்தது.

ஒவ்வொரு மூட்டையாகச் சோதித்தபோது, பத்து மூட்டைகள் சுத்தமாக இருந்தன. வண்டியில் அடியில் கிடந்த இரண்டு மூட்டைகள்தான் காரணம். அவற்றிலிருந்து பழங்களை எடுத்துப் பிளந்து பார்த்தேன். பெரும்பாலானவை வெளியே நல்ல செந்நிறம், தோலில் ஒரு புள்ளி இல்லை. சிலவற்றின் உள்ளே, காம்படியை ஒட்டிய விதைக்கூட்டில், சாம்பலும் பச்சையும் கலந்த மெல்லிய பஞ்சு படர்ந்து விதைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. விரலால் தொட்டபோது தூசியாகப் பறந்தது. மாமாவை வரவழைத்துக் காட்டினேன். ஒரு மாலை மழையில் களத்து ஓரம் நனைந்த மிளகாயைத் தனியாகக் காயவைத்து அந்த இரண்டு மூட்டைகளில் கட்டியதாக அவரே நினைவுகூர்ந்தார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. காய்ந்துவிட்டது என்றே நம்பினார். இரண்டு மூட்டைகளையும் குழி தோண்டிப் புதைத்தோம். நட்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்றோம். நல்ல மிளகாயோடு கலந்து அரைத்தால் சராசரி வரம்புக்குள் வந்துவிடும் என்று அருகிலிருந்த ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்வது நஞ்சைப் பங்கு போட்டுக் கொடுப்பதே ஆகும் என்று மறுத்துவிட்டேன்.

பூஞ்சை நச்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரம் பழங்களில் ஓரிரண்டில் குவிந்திருக்கும். அந்தப் பழம் மாதிரியில் விழுந்தால் ஓர் எண், விழாவிட்டால் வேறோர் எண். நெல்லுக்கும் அரிசிக்கும் பயன்படுத்தும் குத்தூசி இங்கே உதவாது; வத்தல் அதில் வழிந்து விழாது, நொறுங்கிவிடும். மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். இவ்வளவையும் பெட்டியின் விளக்கத் தாள் ‘பிரதிநிதித்துவ மாதிரியை எடுக்கவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒற்றை வரியாகச் சொல்லிக் கடந்துபோகிறது. பட்டையின் வேதியியலுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியவர்கள், மாதிரி எடுப்பதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். மாதிரி தவறினால் ஆய்வகத்து இயந்திரமும் தவறான விடையையே துல்லியமாகத் தரும்.

கடலோரத்தில் பயன்படுத்துபவர்களுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. பட்டைகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வெளியே எடுத்தவுடன் உறையைக் கிழித்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் கண்ணெதிரே பட்டையில் வியர்வையாகப் படிகிறது. அந்தப் பட்டையில் நீர் சீராக ஏறுவதில்லை. உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே கிழிக்க வேண்டும். கிழித்த பட்டையை அடுத்த நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் நீண்ட மின்தடை வந்தால் பெட்டியைப் பனிக்கட்டியோடு தெர்மோகோல் பெட்டிக்குள் மாற்றிவிடுகிறேன். மீன் ஏற்றுபவர்களிடம் அதற்கான பெட்டி எளிதாகக் கிடைக்கிறது. ரீடரின் செருகுவாய் திறந்த அமைப்பில் இருப்பதால் உப்புக்காற்று உள்ளே போகிறது. மூன்றாம் மாதத்தில் உலோகத் தொடுமுனையில் பச்சை பூத்து, கருவி பட்டையை ஏற்க மறுத்தது. மென்துணியால் துடைத்த பிறகு சரியானது. இப்போது சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கிறேன். செருகுவாய்க்கு ஒரு ரப்பர் மூடி கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனியே ஒரு கியூஆர் குறியீடு உண்டு. அந்தத் தொகுப்புப் பட்டைகளின் கணக்கு அதில்தான் இருக்கிறது. இரண்டாவது பெட்டியைத் திறந்த நாளில் புதிய குறியீட்டைப் பதிய மறந்து, ஒரு பகல் முழுவதும் பழைய கணக்கிலேயே படித்தேன். ஐந்து பட்டைகள் வீணாயின. பட்டையின் தொகுப்பு எண்ணைக் கருவியே சரிபார்த்து எச்சரிக்கும்படி அமைப்பது இயலாத காரியம் அல்ல.

மெத்தனாலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது இந்த மெத்தனால்தான். தமிழ்நாட்டில் இதை வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. பெட்டியில் மெத்தனால் வராது. நாமே உரிமம் பெற்ற வேதிப்பொருள் கடையில், உரிய விதிகளின்படி வாங்க வேண்டும். இதையும் விற்பனையாளர் முன்கூட்டிச் சொல்லவில்லை. எளிதில் தீப்பற்றும், தோல் வழியாகவும் உடலில் சேரும். கையுறை அணிந்து, அடுப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்கிறேன். புட்டியில் ‘விஷம்’ என்று சிவப்பு எழுத்தில் தமிழில் ஒட்டி, அலமாரியில் பூட்டி, சாவியை என் இடுப்பில் வைத்திருக்கிறேன். குழந்தைகள் புழங்கும் வீட்டுக்குள் வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான வேண்டுகோள். சோதித்து முடித்த கழிவில் நச்சு இருக்கலாம் என்பதால், ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைத்த பிறகே பாத்திரங்களைக் கழுவுகிறேன்.

ஆலைக்கு வரும் மீனவ நண்பர்கள், ‘இதை வைத்து மீனைச் சோதிக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். முடியாது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, இந்த எதிர்ப்பொருள் அஃப்ளடாக்சினை மட்டுமே அறியும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் வைத்தால் உண்டாகும் ஹிஸ்டமினைக் காட்டுவதற்கு, அதற்கென உள்ள நொதியைக் கொண்ட வேறு பட்டைகள் இருக்கின்றன. ஹிஸ்டமினும் பொரித்தாலோ கொதித்தாலோ அழியாதது. பேத்தை மீனில் உள்ள நஞ்சும் சமைத்தால் போவதில்லை. அந்த மீனைப் பொறுத்தவரை, சோதிப்பதைவிட வலையிலிருந்தே ஒதுக்கிவிடுவதுதான் முறை. ஒரு பட்டையை வைத்துக்கொண்டு எல்லா நச்சையும் பார்த்துவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். புற ஊதா டார்ச் அடித்துப் பச்சையாக ஒளிர்ந்தால் நச்சு என்று சொல்லிச் சந்தைகளில் விற்பதும் அப்படித்தான். ஒளிர்வது வேறு பொருளாகவும் இருக்கலாம், ஒளிராததில் நச்சும் இருக்கலாம்.

வாங்கலாமா என்று கேட்டால், என்னைப் போன்ற சிறு அரவைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் வழியாகவோ வாங்கலாம் என்பேன். தனி ஒரு விவசாயிக்கு, அல்லது வீட்டுத் தேவைக்கு இரண்டு கிலோ அரைப்பவருக்கு, இது கட்டுபடியாகாது; அவர்கள் ரீடருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல தார்ப்பாயும் ஈரப்பதமானியும் வாங்கி, மிளகாயை மண்ணில் பரப்பாமல், மாலையானதும் மூடி, ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு மூட்டை கட்டினால் அதுவே பெரும் காப்பு. இந்தப் பருவத்தில் நான் பயன்படுத்திய 50 பட்டைகளில் வீணானவை ஒன்பது. மிச்சத்தில் பட்டை எனக்குக் காட்டித் தந்த பெரிய விஷயம், யாருடைய மிளகாய் கெட்டது என்பதைவிட, எந்தக் களத்து மிளகாய் திரும்பத் திரும்ப நல்லதாக வருகிறது என்பதுதான். தார்ப்பாயில் காயவைத்து மாலையில் மூடியவர்கள் கொண்டுவந்த மூட்டைகளில் ஒன்றுகூட 10-ஐத் தாண்டவில்லை. அவர்களுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அதைக் கேள்விப்பட்டு, அந்த 12 மூட்டை மாமாவும் இரண்டு தார்ப்பாய் வாங்கிவிட்டார்.

பட்டைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. எனக்கு வந்த பெட்டிகளில் எட்டு மாதமே மிச்சமிருந்தது. ஆகவே விலை குறைகிறது என்று ஐப்பசியிலேயே மொத்தமாக வாங்கிக் குவிக்காமல், தை பிறந்ததும் ஒரு பெட்டி, பங்குனியில் தேவைக்கேற்ப இன்னொரு பெட்டி என்று வரவழைப்பது நல்லது. அனுப்பும்போது குளிர்பையில் வைத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வந்து சேரும் நாளில் பனிப்பை முழுவதும் உருகிப் பெட்டி சூடாக இருந்தால், கூரியர்காரர் நிற்கும்போதே படம் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொள்ளாமல் திருப்பிவிடுங்கள்.